எட்டுத் துளைகள்

2022 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. மூன்று வயது மகள் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ கடித்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். எட்டிப் பார்த்தேன். கையில் என்னுடைய வேப் திரவக் குப்பி. மூடியை வாய்க்குள் வைத்துக் கடைவாய்ப் பல்லால் நெரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். "ஸ்ட்ராபெரி வாசம் வருதுப்பா" என்றாள்.

மூடி திறக்கவில்லை. அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும் மூடி அது. இங்கே பிரிட்டனில் குழந்தைகள் திறக்க முடியாத மூடி போட்டுத்தான் விற்கவேண்டும் என்று சட்டம். ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சட்டமெல்லாம் நினைவுக்கு வரவில்லை. 10 மில்லி குப்பி, மில்லிக்கு 12 மில்லிகிராம் நிகோடின், ஆக மொத்தம் 120 மில்லிகிராம். அந்தப் பெருக்கல் மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. மனைவி 111-ஐ அழைத்தாள். குப்பியை வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். குறையவில்லை. வாயைத் துடைத்துவிடுங்கள், வாந்தியோ மயக்கமோ வருகிறதா என்று கவனியுங்கள் என்றார்கள். ஒன்றும் வரவில்லை. மத்தியானம் அவள் எப்போதும்போலத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். நாங்கள் இருவரும்தான் சாப்பிடவில்லை.

மனைவி என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அதுக்கு இந்த வீட்ல ஒரு இடம் இல்ல. அதான் பிரச்சினை."

அவள் சொன்னது உண்மை. பத்தொன்பது வயதில் திருநெல்வேலியில் கல்லூரிக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் ஆரம்பித்தது என் சிகரெட். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு என்று ஏறக்குறைய இருபது வருடம். 2017-இல் விட்டேன். விட்டேன் என்று ஊருக்குச் சொன்னேன். நிஜத்தில் சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறினேன். இங்கே மருத்துவர்களே அதைச் சொல்கிறார்கள். 2015-இல் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு, மின்சிகரெட் புகையிலையைவிடக் கிட்டத்தட்ட 95 சதவிகிதம் தீங்கு குறைந்தது என்று அறிக்கை வெளியிட்டது. அந்த எண்ணைப் பற்றி அப்போதிருந்தே சண்டை நடக்கிறது. எனக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை, எண் மட்டும் தேவைப்பட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. சட்டையில் நாற்றம் போயிற்று. இதையெல்லாம் மறுக்கமாட்டேன்.

ஆனால் வேப் என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பம். கையில் பிடிக்கிற கருவி ஒன்று, அதன் தலையில் திருகுகிற டேங்க் இரண்டு, உள்ளே போடுகிற காயில், பேட்டரிகள், சார்ஜர், திரவக் குப்பிகள். குளியலறை ஜன்னல் விளிம்பில் ஒன்று, சாவி மாட்டும் இடத்தில் ஒன்று, கோட்டுப் பையில் ஒன்று என்று வீடெங்கும் கிடந்தது. சிகரெட் காலத்தில்கூடப் பாக்கெட்டும் லைட்டரும் ஒரே பையில்தான் இருந்தன.

அந்த வாரமே, மரத்தில் ஒரு ஸ்டாண்ட் செய்யலாம் என்று முடிவு செய்தேன். கடையில் வாங்கினால் இருபது பவுண்டுக்குள் முடிந்திருக்கும். குற்றவுணர்ச்சிக்குக் கைவேலை வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு மரவேலை தெரியாது. அலமாரி வாங்கினால் அதனுடன் வரும் சின்னச் சாவியால் திருகத் தெரியும், அவ்வளவுதான். லெஸ்டரில் நாங்கள் இருப்பது ஒட்டுவீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாழ்நாள் முழுவதும் கதவு ஜன்னல் செய்தவர். ஓய்வு பெற்று, மனைவி இறந்து, தோட்டத்துக் கொட்டகையில் உளிகளோடு இருப்பவர். வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேன். "என்ன வைக்கப்போகிறாய்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் பைப் குடித்தேன். அதற்கு என் அப்பா ஒரு ஸ்டாண்ட் செய்து கொடுத்தார்" என்றார். பிறகு சமையலறை மேடைப் பலகையில் வெட்டி மிஞ்சிய ஓக் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 40 மில்லிமீட்டர் தடிமன். கையில் வாங்கியபோதுதான் மரத்துக்கு அவ்வளவு கனம் உண்டு என்று தெரிந்தது.

திட்டம் எளிது. பலகையில் மூன்று வரிசை. குப்பிகளுக்கு நான்கு துளை, டேங்குகளுக்கு இரண்டு, பேட்டரிகளுக்கு இரண்டு. பின்னால் சாய்வாக நிற்க ஒரு சிறு பலகை. எட்டுத் துளையும் ஒரு முதுகும்.

பேட்டரித் துளை சுலபம். 18650 என்கிற பெயரே அதன் அளவுதான்: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65, கடைசிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. 20 மில்லிமீட்டர் பிட் போட்டால் தளர்வாக உட்காரும். டேங்க்தான் தொல்லை. அதன் அடியில் திருகுமரை உள்ள ஒரு சிறு காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். 510 என்று அதற்குப் பெயர். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பத்து மரைகள். பெரும்பாலான டேங்குகள் பெரும்பாலான கருவிகளில் பொருந்துவதற்கு அந்தக் காம்புதான் காரணம். ஆகவே டேங்க் உட்கார ஒரு பெரிய குழி, அதன் நடுவில் காம்பு இறங்க ஒரு சின்னத் துளை.

நான் சின்னத் துளையை முதலில் போட்டேன். சின்னதிலிருந்துதானே பெரிதுக்குப் போகவேண்டும்? பிறகு ஃபார்ஸ்ட்னர் பிட்டை வைத்தேன். அடி தட்டையாகக் குழி வெட்டும் பிட் அது, 1874-இல் காப்புரிமை வாங்கியது. நடுவில் ஒரு கூர்முனை உண்டு. அந்த முனை முதலில் மரத்தில் ஊன்றி, பிட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும். முனை ஊன்றவேண்டிய இடத்தில் நான் ஏற்கெனவே ஓட்டை போட்டுவிட்டேன். பிட் பலகை மேல் பம்பரம்போல் அலைந்தது. ஓக் முகத்தில் பிறைநிலா வடிவில் ஒரு கீறல். பெரியவர் வந்து பார்த்தார். "பெரியதை முதலில் போடு. அதன் முனை விட்டுப்போன புள்ளியில் சின்னதைப் போடு. நடு எது என்று பெரியதுதான் சொல்லும்" என்றார்.

பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் மறுபடி ஆரம்பித்தேன். அடுத்த பிழை, அவசரம். வேகத்தைக் கூட்டி அழுத்தினேன். ஓக்கிலிருந்து புகை வந்தது. புகையை விட்டவன் செய்கிற ஸ்டாண்டிலிருந்து புகை. குழியின் சுவர் கருகிப்போயிற்று. வேகத்தைக் குறைத்து, அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டால் கருகாது என்று மூன்றாவது துளையில்தான் கற்றேன். மூன்றாவது பிழை அளவு. டேங்க் 24 மில்லிமீட்டர் என்று 24 பிட்டே வாங்கியிருந்தேன். உள்ளே நுழையவே மறுத்தது. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்கியதில் ஒரு குழி முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. பொருளுக்கும் இடத்துக்கும் நடுவே காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விடவேண்டும் என்பது மரவேலைக்காரர்களுக்குப் பாலபாடம்.

முதுகுப் பலகையின் அறுத்த முனையை நேராகப் பசையில் ஒட்டினேன். இரண்டாம் நாள் கையோடு வந்துவிட்டது. மரத்தின் இழை முடிகிற முகம் பசையைக் குடித்துவிடும், ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பெரியவர் இரண்டு மரமுளைகள் அடித்து ஒட்ட வைத்தார். கடைசியாக, பளபளக்கட்டும் என்று இரும்புக் கம்பளியால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தேன். விடிந்து பார்த்தால் ஓக் முழுக்கக் கருநீலப் புள்ளிகள். ஓக்கில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுக்கும். கலம்காரித் துணியில் கடுக்காய்த் துவர்ப்பும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்புக் கோடாக மாறுவது இதே வேதியியல்தான். அதைச் செய்கிறவர்கள் வேண்டுமென்று செய்கிறார்கள். ஆக்சாலிக் அமிலம் தடவினால் கறை போகும் என்றார் பெரியவர். நான் விட்டுவிட்டேன். டேனிஷ் எண்ணெய் பூசினேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காயவை என்று இரண்டு முறை வேலிக்கு மேலிருந்து கத்தினார்.

மே மாதம் முடிந்தது. கறையோடும் பிறையோடும் முட்டைக் குழியோடும், அழகாகத்தான் இருந்தது. வரவேற்பறையில் கணப்புக்கு மேலே உள்ள விளிம்பில், மகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். "நீங்களே செஞ்சதாண்ணா?" என்று அலுவலக நண்பன் தட்டித் தட்டிப் பார்த்தான். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாகக் கையால் ஒரு பொருள் செய்திருந்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவதை நான் கவனிக்கவே இல்லை. அதுவரை என்னிடம் எப்போதும் ஒரு குப்பி, மிஞ்சினால் இரண்டு இருக்கும். ஸ்டாண்டில் நான்கு குழி. இரண்டு காலியாக இருந்தால் பல் விழுந்த வாய்போல இருந்தது. நான்கு வாங்கி நிரப்பினேன். நான்கு நிறம், நான்கு வாசனை. வாசனை மாற்றி மாற்றி இழுத்ததில், 6 மில்லிகிராமுக்கு இறங்கவேண்டும் என்று 2021-இல் போட்டிருந்த திட்டம் மறந்தே போயிற்று. துளை இருந்தால் நிரப்புகிறோம்.

இரண்டாவதை மகள் செய்தாள். அக்டோபரில் ஒரு நாள் சமையலறையிலிருந்து வந்தேன். கணப்பு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றிருந்தாள். என் இதயம் ஒரு நிமிடம் சோபாவுக்குப் பின்னால் போய் வந்தது. ஆனால் அவள் எதையும் எடுக்கவில்லை. காலியாக இருந்த ஒரு துளையில் தன் ஊதாக் கலர் கிரேயானைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது என்னோட ஓட்டைதானே?"

சரியான கேள்விதான். எங்கள் வீட்டில் பல்தேய்க்கும் பிரஷ் வைக்கும் குவளையில் மூன்று துளை. செருப்பு அலமாரியில் மூன்று தட்டு. அப்பா ஆசை ஆசையாக ஒன்று செய்து நடுக்கூடத்தில் வைத்தால், அதில் அவளுக்கும் ஒரு இடம் இருக்கவேண்டுமல்லவா? நான் அவளை இறக்கிவிட்டேன். பதில் சொல்லவில்லை. கிரேயானை எடுக்கவும் கை வரவில்லை.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போனோம், தென்காசிப் பக்கம். இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட்டுக்குத் தடை, கொண்டுபோக முடியாது. ஆகவே கருவி, குப்பி எல்லாவற்றையும் லெஸ்டரிலேயே விட்டுவிட்டு, மூன்று வாரம் ஒன்றும் இல்லாமல் இருந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் நின்றேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் சிகரெட். கடைக்காரர் தீப்பெட்டியை நீட்டினார். கை தானாகவே குவிந்து தீயை மூடிக்கொண்டது. கை எதையும் மறந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்துவிட்டுப் பூசையறைக்குள் போனேன். திருநீறு எடுக்கக் கையை நீட்டியபோதுதான் அதைப் பார்த்தேன். அது ஆச்சியின் வெற்றிலைச் செல்லம்.

பலாமரத்தில் எங்கள் ஊர் ஆசாரி செய்தது. வெற்றிலைக்கு நீளமாக ஓர் அறை, பாக்குக்கு ஒன்று, சுண்ணாம்பு டப்பிக்கு ஒன்று, புகையிலைக்கு ஒன்று. பாக்குவெட்டி படுக்க ஒரு வாய்க்கால். மூலைகளில் கோடு தெரியாத இணைப்பு. ஒரு பசை இல்லை, ஆணி இல்லை, என்னைப்போல முளை அடிக்கவும் இல்லை. அம்மா அதைக் கழுவிக் காயவைத்து, ஒரு அறையில் திருநீறும் இன்னொன்றில் குங்குமமும் மற்றொன்றில் சூடமும் வைத்திருந்தாள். முன்பெல்லாம் ஆச்சி திண்ணையில் அதைத் திறந்தால் நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஆறேழு வயதிருக்கும். பல் போன ஆச்சிக்குச் சின்ன உரலில் பாக்கு இடித்துக் கொடுப்பது என் வேலை. கூலியாக வெற்றிலைக் காம்பு கிடைக்கும். ஒரு நாள் நானும் இதே மாதிரி கேட்டிருக்கிறேன்: "ஆச்சி, எனக்கு எந்த அறை?" ஆச்சி சிரித்து, பாக்கு அறையின் ஓரத்தில் என்னுடைய இரண்டு கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்துக்கொண்டாள். பெரியவனாகும்வரை அவை அங்கேயே இருந்தன.

1994-இல் ஆச்சி இறந்தாள். கன்னத்தின் உள்பக்கம் புண்ணாக ஆரம்பித்தது. கடைசி நான்கு மாதம் கஞ்சிகூட இறங்கவில்லை. வாயைத் திறக்க முடியாத காலத்திலும் செல்லம் தலைமாட்டில் இருக்கவேண்டும். அதன் மூடியைத் தடவிக்கொண்டே படுத்திருப்பாள்.

அம்மாவிடம் கேட்டேன், "இதப் போயி ஏம்மா பூசையறையில வச்சிருக்க?"

"ஏன் ஐயா, நல்ல பெட்டி. தூக்கியா போட முடியும்?" என்றாள். பிறகு விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, "பெட்டி என்ன பாவம் பண்ணிச்சு" என்றாள். என் சட்டையிலிருந்து வந்த வாடை அவளுக்குத் தெரிந்துதான் இருக்கவேண்டும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டி பாவம் பண்ணவில்லைதான். ஆனால் விமானத்தில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழக்கத்துக்கு நல்ல மரத்தில் நல்ல இடம் செய்து கொடுத்தால் அது வீட்டு மனிதராகிவிடுகிறது. வந்தவர்களுக்கு அறிமுகம் செய்யலாம். குழந்தைகள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். எங்கள் ஊரில் விருந்தாளிக்குச் செல்லத்தை நகர்த்தி வைப்பதுதான் மரியாதை. பெரியவரின் அப்பா பைப்புக்கு ஸ்டாண்ட் செய்து கொடுத்ததும் பாசத்தில்தான். ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர் 2003-இல் இன்றைய மின்சிகரெட்டை உருவாக்கினார். தானே கடுமையாகப் புகைத்தவர். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார் என்று படித்திருக்கிறேன். அவர் செய்தது வெளியே போக ஒரு கதவு. நான் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். நாற்காலியை நானே செய்ததால் எழுந்திருக்க மனம் வரவில்லை.

2023 ஜனவரியில் இரண்டாவதைச் செய்தேன். பிளைவுட் பெட்டி, மூடி, பூட்டு. உள்ளே ஒரு கருவிக்கும் ஒரே ஒரு குப்பிக்கும் இடம். பேட்டரிகளுக்குத் தனி பிளாஸ்டிக் உறை. சமையலறையில் மருந்துப் பெட்டிக்கு மேலே, நானே கையை நீட்டித்தான் திறக்கவேண்டிய உயரத்தில் சுவரில் திருகினேன். எண்ணெய் பூசவில்லை. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. துளைகள் எல்லாம் சரியாக, நேராக வந்திருந்தன, பார்க்கத்தான் ஆள் இல்லை. பெரியவர் மட்டும் வந்து கீலைத் திறந்து மூடிப் பார்த்தார். "அசிங்கமாக இருக்கிறது. வேலை செய்யும்" என்றார்.

ஒரு குப்பிக்குத்தான் இடம் என்பதால் அது தீர்ந்த பிறகுதான் அடுத்தது. தீர்ந்தால் மழையில் நடந்து கடைக்குப் போகவேண்டும். சில நாள் சோம்பேறித்தனம் எனக்கு உதவியது. 12 போய் 6 வந்தது. போன வருடம் 3. 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை இழுத்துவிட்டு எறிகிற வேப்புகளை இங்கே தடை செய்துவிட்டார்கள். மகளின் பள்ளிக்கு வெளியே நடைபாதையில் கலர் கலராகக் கிடக்கும், இப்போது அவ்வளவு இல்லை. அவளுக்கு ஆறு வயது. அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இந்த முறை பதில் சொன்னேன். அப்பாவுக்கு விட முடியாத ஒரு பழக்கம் இருக்கு, அதோட மருந்து, அது உனக்கு விஷம் என்றேன். "எப்போ விடுவீங்க?" என்றாள். விட்டுவிட்டேன் என்று இந்தக் கட்டுரையை முடிக்கத்தான் ஆசை. 3 மில்லிகிராமில் நிற்கிறேன். அங்கேயே பத்து மாதமாக நிற்கிறேன்.

ஓக் ஸ்டாண்ட் கொட்டகையில் இருக்கிறது. துளைகளில் பிட்டுகளும் பென்சில்களும் நிற்கின்றன. டேங்கு குழிகள் இரண்டும் எதற்கும் பொருந்தவில்லை, காலியாகத்தான் கிடக்கின்றன. ஊதாக் கிரேயானை நான் கடைசிவரை எடுக்கவில்லை. ஈரத்தில் மரம் உப்பி இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது. போன வாரம் மகள் வந்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "இருக்கட்டும்பா, வேற வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.